அழைப்பு மணி அடிக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும்

2017-இல் மும்பை செம்பூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், நண்பர்களையும் அலுவலகத்தாரையும் அழைத்து ஒரு மாலை விருந்து கொடுத்தோம். இருபத்தாறு பேர் வந்தார்கள். சுடச்சுடத் தோசை வார்த்துப் பரிமாறுவது என்று முடிவு செய்தவன் நான். வார்த்தவள் என் மனைவி. நான் தட்டுகளை ஏந்திக்கொண்டு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்தபடி எல்லோரிடமும் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு விடைபெற்ற நண்பரின் மனைவி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்காவைக் கடைசி வரைக்கும் பார்க்கவே முடியலையே, ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். மாவுக் கையுடன் அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவியின் காதில் அது விழுந்தது. அன்றிரவு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

மறுநாள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தோசை வெந்து எடுக்க ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகிறது. இருபத்தாறு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 78 தோசை, அதாவது 195 நிமிடம், அதாவது மூன்றேகால் மணி நேரம். இரண்டு கல் வைத்தாலும் ஒருவர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அடுப்பை விட்டு நகர முடியாது. இந்தப் பெருக்கலை முதல் நாள் செய்திருந்தால் தோசையை அப்போதே கைவிட்டிருப்பேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விருந்துகளுக்கு ஒரே ஒரு விதிதான். சாப்பிட வருகிறவர்கள் அழைப்பு மணியை அடிக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். எந்தப் பதார்த்தம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்தத் தட்டு என்ற எல்லாக் கேள்விகளையும் இந்த ஒரு விதியிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

சென்ற ஜனவரியில் எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. "கல்யாண நாளும் அதுவுமா என்னை அடுப்படியில நிக்க வைக்காம இருந்தா சரிதாங்க" என்று மனைவி சொன்னதால், விதி இன்னும் கொஞ்சம் இறுகியது: அன்று அவள் அடுக்களைக்குள் வரவே கூடாது. ஓட்டலில் வைத்துக்கொள்ளலாமே என்று பலரும் சொன்னார்கள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலிக்காரர், நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த அரை மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும். ஓட்டல் கூடத்தில் அதற்கு வழியில்லை. அதோடு, சாப்பிட்டு முடித்த கையோடு அடுத்த கூட்டத்துக்காக எழுப்பிவிடும் இடத்தில் இருபத்தைந்து வருடக் கதையை எப்படிப் பேசுவது?

முதலில் தலைக்கணக்கு. வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழ் போட்டுவிட்டுக் கைகூப்பும் படங்களை எண்ணிக்கொண்டிருப்பது ஏமாற்றத்தில்தான் முடியும் என்பது என் அனுபவம். "கண்டிப்பா முயற்சி பண்றோம்" என்பவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. எந்தப் பதிலும் போடாதவர் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். ஆகவே பத்து நாள் முன்னதாக ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினேன். மூன்று நாள் முன்னதாக மறுபடியும் பேசி, எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, வீடு திரும்ப எந்த ரயில் என்று கேட்டுக்கொண்டேன். நாற்பத்திரண்டு பேரை அழைத்ததில் முப்பத்து நான்கு பேர் வருவது உறுதியானது. கடைசியில் வந்தவர்கள் முப்பத்தாறு. அந்த இரண்டு பேருக்கான இடைவெளி எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ரயிலைக் கேட்பது மும்பையில் மரியாதைக்காக அல்ல. இங்கே விருந்தின் நேரத்தை ஓரளவுக்கு ரயில்வேதான் நிர்ணயிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் சேவையை நிறுத்துவதோ தடம் மாற்றி விடுவதோ வழக்கம். 'மெகா பிளாக்' என்ற சொல்லை அறியாத மும்பைத் தமிழர் இருக்க மாட்டார். ஞாயிறு மதிய விருந்துக்கு டோம்பிவிலியிலிருந்தும் வாஷியிலிருந்தும் ஆட்களை அழைத்தால், பாதிப்பேர் குர்லாவில் நின்றுகொண்டு வழி கேட்டுப் போன் செய்வார்கள். மாலையில் வைத்தால் வருவது எளிது. ஆனால் மறுநாள் திங்கட்கிழமை என்பதால், தொலைவில் இருப்பவர்கள் ஒன்பதரைக்குக் கிளம்பியாக வேண்டும். எனவே ஏழு மணிக்குக் கூடுவது, ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குள் காபி என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் எதிர்வீட்டார் விஷயம் தனி. அவர்கள் குஜராத்தி ஜைனக் குடும்பம்; ஆறு பேர். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பச்சை இஞ்சி என மண்ணுக்குள் விளையும் எதையும் தொடுவதில்லை. அந்த வீட்டுப் பெரியவர்கள் சூரியன் மறைந்த பிறகு உண்பதும் இல்லை. ஜனவரி நடுவில் மும்பையில் ஆறு இருபதை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். ஏழு மணிக்கு வாருங்கள் என்று அவர்களை அழைப்பது, வந்து எங்கள் சாப்பாட்டை வேடிக்கை பாருங்கள் என்று சொல்வதற்குச் சமம். ஆகவே அவர்களுக்கு ஐந்தரை மணி. அவர்களுக்கென்று எலுமிச்சைச் சாதம், இஞ்சி சேர்க்காத தயிர்ச் சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல், அப்பளம். அன்றைய சமையலில் எந்த வேலை முன்னால், எது பின்னால் என்பதையும் இதுதான் தீர்மானித்தது. சாதமும் சுண்டலும் முடிந்து, தனிப் பாத்திரங்களில் மூடி எடுத்துவைத்த பிறகுதான் கத்தியும் பலகையும் வெங்காயத்தைப் பார்க்கலாம். வந்தவர்கள் நம்பிக்கையோடு கை நனைக்க வேண்டுமானால் இதில் மட்டும் "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

மற்றவர்களுக்கு என்ன செய்வது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், மறுவீட்டுச் சாப்பாடு என்றால் எங்கள் பக்கம் சொதிதான். திருமண நாளுக்குச் சொதி இல்லாமல் எப்படி என்றார் அம்மா. எனக்குச் சொதியின் மீது பயம். அது தேங்காய்ப்பாலில் நிற்கும் குழம்பு. முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும், ஆறவைத்துத் திரும்பச் சூடாக்கினாலும் திரியும். அடுப்பை முன்கூட்டியே அணைக்க நினைக்கிறவனுக்கு இதைவிடப் பொருந்தாத பதார்த்தம் கிடையாது என்று வாதாடினேன். "ஏலே, முதப்பாலுதானே கடைசி? மத்ததெல்லாம் மதியமே முடிச்சு வச்சிரலாம்லா" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான், பல பதார்த்தங்களை 'முன்னால் முடிகிற பாகம்', 'கடைசி பத்து நிமிடம்' என்று இரண்டாக வெட்டலாம் என்பது எனக்குப் பிடிபட்டது. தோசையை அப்படி வெட்ட முடியாது, சொதியை முடியும்.

இருபத்தெட்டுப் பேருக்குச் சொதி என்று கணக்கிட்டு எட்டுப் பெரிய தேங்காய்கள் வாங்கினேன். நாலு பேருக்கு ஒரு தேங்காய் என்பது அம்மாவின் கணக்கு; ஒரு தேங்காய் கூடுதலாக எடுத்து வைத்ததை அவர் கவனிக்காமல் பார்த்துக்கொண்டேன். பாசிப்பருப்பு நானூறு கிராம், பீன்ஸும் கேரட்டும் முக்கால் முக்கால் கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, முருங்கைக்காய் எட்டு, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பூண்டு, காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது. மிளகாய்த்தூளோ மஞ்சள்தூளோ கிடையாது. குழம்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்கும் வேலையை முந்தின நாள் இரவே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து மகளும் நானும் முடித்துவிட்டோம். தேங்காய் துருவுவதையும் அன்றிரவே செய்துவிடலாம் என்று நினைத்தேன், அம்மா விடவில்லை. குளிர்பெட்டியில் இரவு முழுக்கக் கிடந்த துருவலில் பால் குறைவாக இறங்கும் என்பது அவர் கட்சி.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எதிர்வீட்டாருக்கான சுண்டல் தயார். நாலு மணிக்குள் சாத வகைகளும் முடிந்தன. சாதத்தை அதற்கு முன் வடித்து வெளியில் வைத்திருந்தால் அவர்கள் வரும்போது இரண்டு மணி நேரம் தாண்டியிருக்கும், சமைத்த சாதம் அதற்கு மேல் வெளியில் கிடப்பது வயிற்றுக்கு ஆகாது. பிறகு சொதி. மூன்று முறை பால் பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பையும் விழுதையும் சேர்த்து, இரண்டாம் பாலையும் ஊற்றிக் கொதிக்கவிட்டு ஐந்தே காலுக்கு அடுப்பை அணைத்தேன். கெட்டியான முதல் பால் மட்டும் தூக்குச் சட்டியில் குளிர்பெட்டிக்குள் காத்திருந்தது. ஆறே முக்காலுக்கு அதை வெளியே எடுத்து, சட்டியை மறுபடி ஏற்றி, குழம்பு நன்றாகச் சூடானதும் தீயை அறவே குறைத்து, பாலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறினேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சட்டியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஊசிமுனை போல முதல் நுரைக் குமிழி கட்டியதும், "அணைச்சிரு, அணைச்சிரு, பொங்க விட்டுராத" என்றார். அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தோம். தீயின் மேல் இருக்கும்போது பிழிந்தாலும் திரிந்துவிடுமாம். அப்படியே மூடிச் சூடு காக்கும் பாத்திரத்துக்கு மாற்றினோம். ஒன்பது மணிக்குக் கடைசியாகச் சாப்பிட்டவருக்கும் அது கை பொறுக்கும் சூட்டில் இருந்தது.

சொதிக்குத் துணையாக நூற்றிருபது இடியாப்பத்தை, மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து தரும்படி, செம்பூரிலேயே வீட்டில் செய்து விற்கும் ஓர் அக்காவிடம் நான்கு நாள் முன்பே சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆசை இல்லை. இடியாப்பம் பிழிகிற தோள்வலியை விலை கொடுத்துத் தவிர்க்கலாம். இஞ்சிப் பச்சடி முந்தின நாளே செய்தது. ஒரு நாள் ஊறினால்தான் அதற்கு ருசி. உருளைக்கிழங்குப் பொரியலை மைத்துனர் வீட்டில் செய்து எடுத்துவந்தார்கள். அல்வாவை ஊரிலிருந்து வந்த சித்தப்பா மகன் கொண்டுவந்தான்: இரண்டு கிலோ. ஆளுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வந்தது. அதற்கு மேல் கேட்டவர்கள் உண்டு.

இனி இடம். எங்கள் கூடம் பத்தடிக்குப் பதினாறடி. முப்பது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் சுவரில்தான் சாய வேண்டியிருக்கும். மண்டப்வாலாவிடம் பதினைந்து நாற்காலிகள் மட்டும் வாடகைக்கு எடுத்து, சோபாவின் முன்னிருந்த கண்ணாடி மேசையைப் படுக்கையறைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டேன். ஆனால் நாற்காலிகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது மக்கள் எங்கே கூடி நிற்பார்கள் என்பது. எந்த வீட்டு விருந்திலும் கூட்டம் இரண்டு இடங்களில் அடைத்துக்கொள்ளும்: வாசற்படி உட்புறம், அடுக்களை வாசல். வாசலில் அடைப்பு ஏற்படுவது செருப்பால். ஆகவே வெளி நடையில் பழைய பாயை விரித்துச் செருப்புகளுக்கு ஒதுக்கிவிட்டு, எங்கள் மாடியில் இருக்கும் மற்ற இரு வீட்டாரிடமும் முன்பே சொல்லி வைத்தேன். அடுக்களை வாசலில் அடைப்பு ஏற்படுவது தண்ணீரால். எல்லோரும் தண்ணீர் கேட்டு அங்கேதான் வருவார்கள். தண்ணீர்க் குடத்தையும் டம்ளர்களையும் கூடத்தின் மறுகோடியில், பால்கனிக் கதவருகே வைத்தேன். சாப்பாடு கூடத்தில் ஒரு மூலை, அல்வா படுக்கையறையில். இனிப்பைத் தேடி ஒரு கூட்டம் தானாகவே அந்த அறைக்குள் போய், கட்டிலில் காலை நீட்டியிருந்த அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. திட்டமிட்டு நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தட்டு விஷயத்தில் மகாராஷ்டிரத்தில் யோசிக்க அதிகம் இல்லை. 2018-இலேயே தெர்மகோல், பிளாஸ்டிக் தட்டுகளுக்கு இங்கே தடை வந்துவிட்டது. பாக்குமட்டைத் தட்டு கிடைக்கிறது. ஆனால் சொதி போன்ற தண்ணீர்க் குழம்புக்கு நான் எவர்சில்வர் தட்டைத்தான் நம்புவேன். அதன் மேல் மாட்டுங்கா சந்தையில் வாங்கிய வாழையிலையை வட்டமாக நறுக்கிப் போட்டுவிட்டோம். பார்க்க அழகு என்பது இரண்டாம் பட்சம். சாப்பிட்டதும் இலையை எடுத்துப் போட்டுவிட்டால் தட்டில் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மையாரிடம் ஞாயிறு மாலை வர முடியுமா என்று பத்து நாள் முன்பே கேட்டு, தனிக் கூலி பேசி, அவரையும் அவர் மகளையும் சாப்பிட அழைத்திருந்தேன். விருந்தன்று காலையில் "இன்றைக்குக் கொஞ்சம் இருந்துவிட்டுப் போ" என்று சொல்வது அநியாயம். அதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது.

மும்பைக் கட்டடங்களில் மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரம் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. எங்களுக்குக் காலையில்தான். முப்பத்தாறு பேர் கை கழுவும் தண்ணீரை மதியத்துக்குள் பிடித்து வைத்தோம். காவலாளியிடம் வருகிறவர்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டதால் இன்டர்காம் ஒவ்வொரு முறையும் அலறவில்லை. கீழ்வீட்டுப் பெரியவரிடம், பத்து மணிக்குள் சத்தம் அடங்கிவிடும் என்று சொல்லி வைத்தேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குச் சட்டமே இடம் தருவதில்லை என்றாலும், சட்டத்தை அவர் நினைவூட்டும் நிலைக்கு விடாமல் நாமே முந்திக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்து, ஒன்றை மறந்தேன். ஆறிப்போன கடைசி நாற்பது இடியாப்பத்தைச் சூடாக்க மைக்ரோவேவ், கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு வெந்நீர் போட மின்கெட்டில், காபிக்குப் பால் காய்ச்ச இண்டக்‌ஷன் அடுப்பு என்று மூன்றையும் அடுக்களையின் ஒரே மின்சுற்றில் மூன்று பேர் தனித்தனியே போட்டுவிட்டோம். இரண்டாயிரம் வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே ஒன்பது ஆம்பியருக்கு அருகில் இழுக்கும். ஆயிரத்து ஐந்நூறு வாட் கெட்டில் இன்னும் ஆறரை. மைக்ரோவேவும் சேர்ந்தபோது சுற்று தாங்கவில்லை. எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வீடே இருண்டது. கூடத்தில் இருந்த குழந்தைகள், யாரோ கேக்கைக் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்துப் பிறந்தநாள் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் கைப்பேசி வெளிச்சத்தில் சுவிட்சைத் தேடித் தூக்கிவிட்டபோது பாட்டு முடிந்து கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, கேக் எங்கே என்றார்கள். அல்வாவைக் காட்டினேன். இடியாப்பத்தை அப்படியே சூடான சொதியில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த முறை அடுக்களைச் சுவரில் எந்தப் பிளக்கில் எது என்று ஒரு சீட்டு ஒட்டப் போகிறேன்.

விதி ஓர் இடத்தில் உடைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். காபி. ஒன்பது மணிக்குப் பதினைந்து பேர் காபி கேட்பார்கள் என்று கணக்கிட்டு, நூற்றைம்பது கிராம் மாட்டுங்காக் காபித்தூளில் இரண்டு ஃபில்டர்களில் மாலை நாலு மணிக்கே டிகாக்‌ஷன் இறக்கியாகிவிட்டது. பாலை முன்பே காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி வைக்கலாம்தான். அந்தக் காபிக்கு ஒரு பழைய வாடை வந்துவிடும், எனக்குப் பிடிக்காது. ஆகவே ஒன்றரை லிட்டர் பாலை அப்போதுதான் வைத்தோம். மின்சாரம் போய் வந்த பிறகு நான் அதைக் காஸ் அடுப்புக்கு மாற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். வந்தவன் பேச்சில் மறந்தேன். திரும்பிப் பார்த்தபோது பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பொங்கி வந்த பாலை இறக்கிக்கொண்டிருந்தவள் மனைவி. நான் வாயைத் திறக்கும் முன், "ரெண்டு நிமிஷம்தாங்க, கணக்குல எழுதிக்காதீங்க" என்றாள். அந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்த்து அன்று மாலை முழுவதும் அவள் கூடத்தில்தான் இருந்தாள். 2017-இல் அவளைப் பார்க்காமலே போன அதே நண்பரின் மனைவி, இந்த முறை ஒன்பதரை ரயிலை விட்டுவிட்டு அவளோடு பேசிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டார் ஆறேகாலுக்கே சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் போய், ஏழரைக்கு மறுபடியும் வந்து எல்லோரோடும் ஒன்பது மணி வரை இருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்கு மிகவும் பிடித்துப்போன எலுமிச்சைச் சாதத்தை ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மறுநாள் மதியத்துக்கென்று கொடுத்தனுப்ப நினைத்தோம். நேற்றைய சாதத்தை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பது மகளுக்குத்தான் நினைவிருந்தது. ஆகவே திங்கட்கிழமை காலையில் புதிதாகக் கிளறிக் கொடுத்தாள் மனைவி. செவ்வாய் மாலை அந்தத் தூக்கு திரும்பி வந்தது. உள்ளே வெந்தயக்கீரை போட்ட தேப்லா என்கிற குஜராத்திச் சப்பாத்தி பன்னிரண்டு, தனியாக ஒரு சிறு டப்பாவில் சுந்தா என்கிற இனிப்பு மாங்காய் ஊறுகாய். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது அவர்கள் பக்கமும் உண்டாம். அம்மா இரண்டு தேப்லாவை மிச்சமிருந்த இஞ்சிப் பச்சடியோடு சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, கொஞ்சம் உப்பு தூக்கல் என்றார்.